கறுக்காத ஆயில்

இன்று சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "சிந்தெடிக்கா, சாதாவாம்மா?" என்றார். பக்கத்தில் ஒருவர் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து தன் ஸ்கூட்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் புது ஆயில் வாசம், லேசான இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறியது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கடைக்கு வந்தால் நீ எப்போதும் சாய்ந்து நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கறேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

"எந்த வண்டிக்குன்னாவது சொல்லிட்டுப் போங்கம்மா" என்றார் பின்னாலிருந்து.

என்ன சொல்வது? உன் வண்டி என்றா, என் வண்டி என்றா?

உன் கார் இப்போது குமார் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. இன்ஜினில் ஆயில் இல்லை. நீ கடைசியாக ஊற்றியது இன்று காலை மொத்தமும் வெளியே வந்துவிட்டது. நாளை கடை திறப்பதற்குள் எந்த ஆயில் என்று நான் முடிவு செய்ய வேண்டும். மகள் யாழினி தூங்கிவிட்டாள். மூச்சு சீராகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுந்து எழுந்து போய் அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருகிறேன். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குத்தான் வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள்.

நாம் பஸ்ஸில்தான் பழக்கமானோம். சிதம்பரம் பக்கத்துக் கல்லூரியில் நீ காமர்ஸ் டீச்சர், நான் கெமிஸ்ட்ரி டீச்சர். நான் மஞ்சக்குப்பத்தில் ஏறி உனக்கு இடம் பிடித்து வைப்பேன். நீ முதுநகரில் ஏறி, பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் யாராவது ஒரு கைக்குழந்தைக்காரியை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருவாய். ஒரு நாள், "இனிமே நான் உனக்கு சீட்டு புடிச்சு வைக்கறேன் பாரு" என்றாய். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் கார் நின்றது. குறிஞ்சிப்பாடியில் யாரோ ஓட்டி ஓய்ந்த சின்ன பெட்ரோல் கார். வெள்ளை என்று சொல்லி உனக்கு விற்றிருந்தார்கள். வெயிலில் பார்த்தால் மோர் நிறம்.

உன் அப்பா டாக்ஸி ஓட்டியவர். பானட்டுக்குள் இருக்கும் சாமான்களை நீ நம் வீட்டு அடுப்பங்கரைச் சாமான் மாதிரி கைபோன போக்கில் தொடுவாய். நான் தள்ளி நின்று பயப்படுவேன். பயந்தவர்களுக்குத்தான் படிப்பு அதிகம். எந்த ஆயில் நல்லது என்று ராத்திரியெல்லாம் படித்துவிட்டுக் காலையில் ஆலப்பாக்கம் தாண்டும்போது உனக்குப் பாடம் எடுப்பேன்.

"இதப் பாருடி. சாதா ஆயில் பூமியிலேர்ந்து எடுத்த எண்ணெயை வடிச்சது. பெருசு சிறுசு எல்லா மூலக்கூறும் கலந்து கெடக்கும். சிந்தெடிக்ல எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. சூட்டுல சீக்கிரம் கெடாது. தேய்மானம் கம்மி. அடிக்கடி மாத்தவும் தேவையில்ல."

"முடிச்சிட்டீங்களா மேடம்? அட்டெண்டன்ஸ் எடுக்கலியே."

"சிரிக்காத. நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். இது கெழட்டு இன்ஜின். உள்ள படிஞ்சிருக்கற அழுக்கே பல எடத்துல அடைப்பு மாதிரி புடிச்சிக்கிட்டு இருக்கு. உன் சிந்தெடிக் போய் அதையெல்லாம் சுத்தமாக் கழுவி வுட்டுச்சுன்னா அடுத்த நாளே ஒழுகும். அப்ப உன் மூலக்கூறு எறங்கித் தள்ளுமா? நீதான் தள்ளணும்."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை நீ வெளியே நின்று டயர்களை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நம் சண்டை எல்லாம் அந்த அளவில்தான் முடியும்.

ஒரு சனிக்கிழமை முதுநகரில் உன் வீட்டு வாசலில் நீயே ஆயில் மாற்றினாய். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் வைத்த தட்டில் பழைய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி விழுந்தது.

"இவ்ளோ கறுப்பா இருக்கே, கெட்டுப்போச்சா?"

"கறுத்தாத்தான்டி நல்ல ஆயிலு. அழுக்க எடுத்துக்கிட்டு வெளிய வருதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாய். உன் துப்பட்டா எல்லாவற்றிலும் அந்த வாடை உண்டு. கருகின ஆயிலும், மாதா கோயில் மெழுகுவத்தியும், தேங்காய் எண்ணெயும். நீ வகுப்புக்குள் போனால் முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள் என்று நான் சொன்னபோது, "அப்பவாவது முழிச்சிருக்குதுங்கல்ல" என்றாய்.

யாழினிக்கு முதல் தடவை மூச்சிரைத்த அன்று அவள் சிதம்பரத்தில் என் அம்மா வீட்டில் இருந்தாள். போன் வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நீதான் என்னைக் காரில் தள்ளிக் கதவைச் சாத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெற்கு வீதிப் பக்கம் இருக்கும் டாக்டரிடம் ஓடினாய். அதற்குப் பிறகு அவள் வேறு எந்த டாக்டரிடமும் வாயைத் திறந்து காட்டியதில்லை. நான் வேலையை விட்டுக் கடலூரில் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் மாதம் ஒரு தடவை, சமயத்தில் வாரம் ஒரு தடவை, அவளைச் சிதம்பரம் கூட்டிப்போக நீ லீவு போட்டு வந்தாய்.

பிறகு உனக்கே உடம்பு முடியாமல் போனது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்க்க வந்தபோது உன் ரிப்போர்ட் பற்றிக் கேட்டேன். நீ அதைச் சொல்லவில்லை. "வண்டிக்கு ஆயில் மாத்திட்டேன்டி. அட்மிட் ஆவறதுக்கு முன்னாடி நானே ஊத்திட்டேன். மழைக்காலம் தாங்கும்" என்றாய். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். கார்த்திகையில் உன் தம்பி காரை ஓட்டிக்கொண்டு வந்து சாவியைக் கையில் கொடுத்தான். "யாழினிக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க அக்கா" என்றான். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. மழையில் நடந்தே போய்விட்டான்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது உன்னிடம்தான் என்றாலும் உன் சீட்டில் உட்காரப் பல நாள் பிடித்தது. முதல் வேலையாக டயருக்குக் காற்று பார்க்க, சிதம்பரம் ரோட்டில் உள்ள குமார் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வண்டியைப் பார்த்ததும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆயில் எறக்கிட்டீங்களாம்மா?"

"இல்லண்ணே. அவ ஊத்துனது இன்னும் புதுசாத்தான் இருக்கு."

"அதுக்குச் சொல்லல. ஓட்டுனவங்க போயிட்டாங்கன்னா பதினாறாம் நாளு நம்ம எண்ணெய் தேய்ச்சு முழுகறோம்ல, அதே மாதிரி வண்டிக்கும் பழைய ஆயில எறக்கிப் புதுசு ஊத்திடணும். எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அப்படித்தான். அதுக்கப்புறம்தான் அடுத்தவங்க சீட்டுல குந்துவாங்க."

"அவ கிறிஸ்டியன் அண்ணே. அவளுக்குப் பதினாறாம் நாள் கெடையாது. முப்பதாம் நாள் பூசை வச்சாங்க."

"அது அவுங்களுக்கு. நான் வண்டிக்குச் சொல்றேன்."

நான் சிரித்து மழுப்பினேன். உண்மைக் காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில் சாவியைத் திருப்பினால் உன் கையால் ஊற்றியது அந்த இன்ஜினுக்குள் ஏறி இறங்கிச் சுற்றி வருகிறது. மண்ணுக்கு மேல் உன்னுடையதாக இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதைத் திறந்து ஒரு தகரத் தட்டில் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வண்டியும் ஈரத்தில் மக்கர் செய்தது. உன் கார் மட்டும் தொட்டவுடன் கிளம்பியது. மார்கழிக் காலையில் வாசல் தெளிக்க வரும்போது பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. முந்தின நாள் யாரும் வண்டியை எடுக்கவில்லை. வெயிலும் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பூனை படுத்திருக்கும்" என்றார்.

"பூனை படுத்தா ஒரு எடம்தான் சுடும். முழுசா சுடுது பாருங்க."

"அப்ப உன் ஃபிரெண்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருப்பா. பெட்ரோல் போட்டாளான்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கையை எடுக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட ஆசை அதிகமாக இருந்தது.

ஆயில் மாற்ற வேண்டிய காலம் வந்து, தாண்டியும் போனது. நான் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பேன். அந்த நீளக் கம்பியின் நுனியில் ஆயில் தேன் மாதிரி நின்றது. அளவும் மேல் கோட்டில்தான். தை போயிற்று, மாசி போயிற்று. வாரத்துக்கு ஒரு சிதம்பரம், தினமும் ஊருக்குள் அலைச்சல். தேன் நிறம் மாறவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது சந்தோஷப்படும் விஷயம் இல்லை. சூடு பட்ட எண்ணெய் கறுத்துத்தான் ஆக வேண்டும். சிந்தெடிக்கே கறுக்கும், இது சாதா. எண்ணெய் காற்றோடு சேரும், கரியோடு சேரும், வேறு வழியே இல்லை. இதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

குமார் அண்ணனிடம் காட்டினேன். அவர் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எந்தக் கடையில மாத்துனீங்க?"

"மாத்தலண்ணே."

"பரவால்லம்மா, நம்ம கடையிலதான் மாத்தணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல. ஆனா மாத்திட்டு வந்து என்கிட்டயே காட்டுறீங்க பாருங்க, அதான் கஷ்டமா இருக்கு."

நான் சத்தியம் செய்தேன். அவர் என்னை நம்பினாரா தெரியவில்லை. கம்பியைத் துடைத்துச் செருகிவிட்டு, "அப்ப அழுக்கு எங்க போவுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கூடவே இருந்தது.

அந்த நாட்களில்தான் வண்டிக்குள் வாசம் வர ஆரம்பித்தது. ஃபேனைப் போட்டால் முன்பக்கத் துவாரங்கள் வழியாக மெல்ல வரும். கருகின ஆயில் வாடை. முதலில் கண்டுபிடித்தது யாழினிதான். பின் சீட்டில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, "அத்தை வாசம் வருதும்மா" என்றாள். உன்னை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். நீதான். துப்பட்டாவைக் கழற்றிப் பக்கத்தில் போட்டிருப்பதுபோல நீ.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். வாசம் வெளியே போய்விடக் கூடாது என்று. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்றுக்காக நீ எப்போதும் கண்ணாடியை இறக்குவாய். நான் அங்கேயும் இறக்கவில்லை. ஒவ்வொரு பயணமும் அப்படித்தான் போனேன். மூடிய காருக்குள் நீயும் நானும் குழந்தையும். சில நாள் சத்தமாகவே உன்னோடு பேசிக்கொண்டு ஓட்டினேன்.

குழந்தைக்கு இரைப்பு அதிகமானது. மாத்திரை, பஃப், ஆவி பிடிப்பது எல்லாம் கொடுத்தும் சிதம்பரம் போய்ச் சேரும்போது விலா எலும்பு உள்ளே இழுக்கும். பனி என்றார்கள், தூசி என்றார்கள். நான் வீட்டில் தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுத் துவைத்தேன். பொம்மையைக்கூட ஒளித்து வைத்தேன். இரைப்பு அதிகமாக அதிகமாக, அடிக்கடி டாக்டரிடம் போனேன். உன் காரில்தான் போனேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நானும் யாழினியும் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் புழுதியிலும் புகையிலும் உட்கார்ந்து வந்தவள் டாக்டர் அறைக்குள் பாடிக்கொண்டே நுழைந்தாள். அடுத்த வாரம் காரில் போனபோது, தோளில் போட்டுத்தான் தூக்கிப்போக வேண்டியிருந்தது. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. டாக்டர் மருந்து வைத்து மூச்சு அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன தடவ நல்லா இருந்தாளே. எதுல வந்தீங்க அன்னைக்கு?"

"பஸ்ல மேடம்."

"இன்னைக்கு?"

"கார்ல."

அவர் குனிந்து யாழினியின் தலையை முகர்ந்தார். "என்னம்மா இது, புள்ள தலையில மெக்கானிக் கடை வாடை அடிக்குது?"

குமார் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் என் மடியில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது போல ஒரு எண்ணம். நீ இருக்கிறாய் என்று நான் சந்தோஷப்பட்ட அத்தனை நாளும் அழுக்கு இந்தச் சின்ன நெஞ்சுக்குள்தான் போனதா? நீ அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை. உயிரோடு இருந்தவரை இல்லை. அதற்குப் பிறகு யாருக்கு என்ன தெரியும்? அன்று குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நான்கு கண்ணாடியையும் இறக்கி, தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு கடலூர் வந்தேன். வழியெல்லாம் உன்னோடு பேசவில்லை. மறுநாள் அம்மா குழந்தையைப் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுப் போனார்.

இன்று காலை குமார் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்து உடனே காட்டிவிட்டார். இன்ஜின் தலையில் ஒரு மூடி இருக்கிறதே, அதன் அடியில் உள்ள ரப்பர் பேக்கிங் வெடித்திருந்தது. அதன் வழியாக ஆயில் கசிந்து சூடான சைலன்சர் குழாய்மேல் சொட்டி, புகைந்து, அந்தப் புகை துவாரங்கள் வழியாக உள்ளே போயிருக்கிறது. குழாயில் பிசின் மாதிரி தடிமனாகப் படிந்திருந்தது.

"ஆயில் மாத்தற டயத்துக்கு வந்திருந்தீங்கன்னா கவரத் தொறக்கும்போதே பாத்திருப்போம்மா. மாசக்கணக்கா ஒழுகியிருக்கு. எத்தன தடவ ஊத்தி நெரப்புனீங்க?"

"ஒரு தடவகூட ஊத்தல."

அவர் டிப்ஸ்டிக்கை இழுத்தார். மேல் கோடு வரை ஆயில். தேன். அவர் கசியும் இடத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, போய் அதை நிறுத்திவிட்டு வந்தார். "எறக்கிடலாம்மா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அடியில் தட்டை வைத்து நட்டைக் கழற்றினார். விழுந்தது தேன் இல்லை. தார். கம்பியில் அப்படி ஒரு நிறம், கீழே இப்படி ஒரு நிறம். கெட்டியாக, சத்தம் இல்லாமல், கயிறு மாதிரி இறங்கியது. கனமான அழுக்கு அடியில் தங்கும், தெளிவு மேலே நிற்கும் என்று நான் மனசுக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவரை சரி. ஆனால் தட்டு நிரம்பியது. அவர் அவசரமாக ஒரு பெயின்ட் வாளியைத் தள்ளினார். அதுவும் நிரம்பிக்கொண்டே வந்தது.

"ஏம்மா, இது மூணு லிட்டர் புடிக்கற இன்ஜினும்மா" என்றார் அவர். அவர் பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றுகொண்டார். கயிறு அறுபடவில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தது இவ்வளவும்?

"எதாவது சொல்லி அனுப்புங்கம்மா. உங்களத்தான் புடிச்சிக்கிட்டு நிக்குது. சொல்லாம போவாது."

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. உன்னைப் பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன்னால் நான் உன் கையைத் தொட்டு, "போயிட்டு வாடி" என்றேன். தினமும் சாயங்காலம் என்னை வாசலில் இறக்கிவிட்டு நீ கிளம்பும்போது சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பக்கத்தில் நின்ற உன் சித்தி என் தோளைப் பிடித்து இழுத்தார். "சாவு வூட்டுல வான்னு சொல்லக் கூடாதும்மா" என்று காதுக்குள் சொன்னார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்றுகூட யாரும் சொல்வதில்லை, பேசாமல் படியிறங்கிவிடுவார்கள். எனக்கும் தெரிந்ததுதான். அழுகையில் தப்பிவிட்டது. நான் அதை அன்றே மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை போலிருக்கிறது. ஆயில் தவிர வேறு எதில் நான் சொன்னதை நீ தட்டியிருக்கிறாய்?

தரையில் மண்டியிட்டேன். காருக்கு அடியில் குனிந்தேன். புறப்படுகிறவர்களை வெறுமனே போ என்று சொல்லி நம் ஊரில் யாரும் அனுப்புவதில்லை. அது விரட்டுவது. அந்த ஒற்றை எழுத்து என் நாக்கு நுனியில் வந்து வந்து நின்றது. யாழினியின் உதடு கண்ணுக்குள் தெரிந்தது.

"போடி" என்றேன். "போதும். நான் பாத்துக்கறேன். நீ போ."

உடனே நின்றுவிடவில்லை. கயிறு நூலானது. நூல் சொட்டானது. சொட்டு விழும் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு சொட்டு நட்டு ஓட்டையின் விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றது. விழவில்லை. நான் விரலால் துடைத்தெடுத்தேன். அதன் பிறகு வரவில்லை.

குமார் அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "பேக்கிங் பாண்டிச்சேரியிலேர்ந்து நாளைக்கு வந்துடும். எந்த ஆயில் ஊத்தறதுன்னு நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். வாளியை எங்கே ஊற்றுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் பேக்கிங் கதையை மட்டும் சொன்னேன். "சிந்தெடிக்கே ஊத்திடு. பேக்கிங்தான் புதுசாச்சே, இனிமே ஒழுகாது. ஒரு வருஷத்துக்கு மறந்துடலாம். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார். அவர் சொல்வதில் தப்பு இல்லை. படித்ததை வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் சரி. உன்னோடு அத்தனை காலையிலும் வாதாடியது அதற்காகத்தானே.

ஆனால் ஒரு வருஷம் அந்த மூடிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்காமல் இருப்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சில்லிடுகிறது. சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு நடுவில் திறந்து பார்க்கலாமே என்பாய். என்னைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறேன். கட்டாயம் இல்லாவிட்டால் நான் திறக்கமாட்டேன். வாசம் நன்றாக இருக்கிறது என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற ஆள் நான். உன்னைக் காப்பாற்றி வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் வழக்கத்துக்கு நேர்மாறாக நடந்திருக்கிறேன். நீ எதையும் அந்த இன்ஜினுக்குள் அவ்வளவு நாள் தங்க விட்டதே இல்லை.

சாதா ஆயில்தான் வாங்கப் போகிறேன். சில மாதத்துக்கு ஒரு தடவை அது கெட்டுப்போகும், நான் போய்த்தான் ஆக வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். நட்டைக் கழற்றும்போது தள்ளி நிற்காமல் பக்கத்தில் நிற்பேன். அளவோடு நின்றுவிட்டால் ஒன்றும் பேசமாட்டேன். நிற்காமல் வந்தால் மறுபடியும் மண்டியிட்டு, இன்று சொன்னதையே சொல்வேன். சொல்ல ஒரு தடவை பழகிவிட்டது. குரல் உடையாமல் சொல்ல இனிமேல்தான் பழக வேண்டும். அதுவரை, இன்று காலை நான் சொன்னதைக் கேட்டுப் போன மாதிரியே ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்.